மூன்று மாதத்துக்கு முந்தைய துண்டிப்பு நேரம் மட்டும் ஜாபிக்ஸ் அறிக்கையில் பல மடங்காக வருவது ஏன்?

கோத்தகிரி_பிணையம்:

வணக்கம். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் பணிபுரிகிறேன். அரவேணு, கட்டபெட்டு, சோலூர்மட்டம், கீழ்கோத்தகிரி ஆகிய இடங்களில் உள்ள எங்கள் எடை மேடைகள் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இணைப்புகள் வழியாகக் கோத்தகிரி அலுவலகத்துடன் பேசுகின்றன. இணைப்பு அறுந்தால் இலை எடை பதிவாகாது. சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வோர் இடத்திலும் மாதத்துக்கு எத்தனை நிமிடம் இணைப்பு இல்லை என்ற அறிக்கையை நிர்வாகம் கேட்கிறது. இணைப்பு வழங்குபவருக்குத் தரும் வாடகையில் பிடித்தம் செய்வதும் இதை வைத்துத்தான்.

கண்காணிப்புக்கு ஜாபிக்ஸ் 6.0 மென்பொருள், தரவுத்தளத்துக்குப் போஸ்ட்கிரெஸ் பயன்படுத்துகிறோம். நிமிடத்துக்கு ஒரு முறை பிங் (இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு செய்தி) செல்கிறது; பதில் வந்தால் 1, வராவிட்டால் 0 என்று பதிவாகும். அறிக்கைக்கான வினவலை (தரவுத்தளத்திலிருந்து தரவை எடுக்கும் கட்டளை), முன்பு இந்த அமைப்பை நிறுவிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் எழுதி வைத்துவிட்டுப் போனார். சிக்கல் இதுதான்: கீழ்கோத்தகிரிக்கு 2024 ஜூலை மாத அறிக்கையை ஆகஸ்ட் தொடக்கத்தில் எடுத்தபோது 52 நிமிடத் துண்டிப்பு என்று வந்தது. அதே ஜூலையை நவம்பர் நடுவில் மறுபடி எடுத்தால் 1140 நிமிடம் என்று வருகிறது. வினவலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இணைப்பு வழங்குபவர் எங்களை நம்ப மறுக்கிறார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

மஞ்சூர்_வாசி:

ஜூலைக் காற்றில் கம்பம் ஆடி ஆன்டெனா திரும்பியிருக்கலாம், அல்லது கனெக்டருக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். எங்கள் குந்தா பக்கத்தில் மழைக்காலத்துத் துண்டிப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வரும். முதலில் கம்பத்தைப் பாருங்கள்.

பழைய_நிர்வாகி:

கம்பத்தைப் பார்ப்பது எப்போதும் நல்லதுதான். ஆனால் நடந்து முடிந்த ஒரு மாதத்தின் கணக்கு நான்கு மாதம் கழித்து மாறுவதற்குக் கம்பம் காரணமாக இருக்க முடியாது. கேட்பவர் தந்த எண்ணைப் பாருங்கள்: 1140 என்பது 60ஆல் மீதியின்றி வகுபடுகிறது, அதாவது சரியாக 19 மணி நேரம். இயற்கையாக அறுந்து சேரும் இணைப்பு இப்படி முழு மணிகளாக அறுவதில்லை.

நண்பரே, மூன்று தகவல்கள் வேண்டும். பிங் ஐட்டத்தின் (பிங் முடிவைப் பதிவு செய்யும் அளவீட்டின்) தரவு வகை முழு எண்ணா, தசம எண்ணா? ஹிஸ்டரி (ஒவ்வோர் அளவீடும்) எத்தனை நாள், ட்ரெண்ட்ஸ் (மணிக்கொரு சுருக்கம்) எத்தனை நாள் சேமிக்கப்படுகின்றன? ஜூலையில் இணைப்பு சிறிது நேரம் அறுந்தது உங்களுக்கு நினைவிருக்கும் ஒரு மணிக்குரிய ட்ரெண்ட்ஸ் வரிசையை அப்படியே எடுத்துக் காட்ட முடியுமா?

கோத்தகிரி_பிணையம்:

விரைந்து பதில் தந்தமைக்கு நன்றி ஐயா. ஐட்டம் குறியில்லா முழு எண் வகை. ஹிஸ்டரி 90 நாள், ட்ரெண்ட்ஸ் 365 நாள். ஜூலை 18 அன்று காலை இரண்டு நிமிடம் மட்டும் இணைப்பு போனது நோட்டில் குறித்து வைத்திருக்கிறோம். அந்த மணிக்கு ட்ரெண்ட்ஸ்_யுஇன்ட் அட்டவணையில் உள்ள வரிசை: கிளாக் (1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளில் எண்ணிய நேரம்) 1721275200, எண்ணிக்கை 60, குறைந்தது 0, சராசரி 0, அதிகபட்சம் 1.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் கிளாக்கை இந்திய நேரத்துக்கு மாற்றினால் 9.30 என்று வருகிறது. அடுத்த வரிசை 10.30. எல்லா வரிசைகளும் அரை மணியில்தான் தொடங்குகின்றன. சர்வரின் கடிகாரம் தவறா?

பழைய_நிர்வாகி:

நீங்கள் காட்டிய வரிசையிலேயே விடை இருக்கிறது. அறுபது அளவீடுகளில் 58 ஒன்று, 2 சுழியம் என்றால் சராசரி 0.97 அளவில் இருக்க வேண்டும்; அங்கே இருப்பதோ 0. குறியில்லா முழு எண் ஐட்டங்களுக்கான ட்ரெண்ட்ஸ்_யுஇன்ட் அட்டவணையில் சராசரியும் முழு எண்ணாகவே சேமிக்கப்படுகிறது, தசமப் பகுதி வெட்டப்பட்டுவிடும். ஒரே ஒரு மாணவர் வராததற்காக வகுப்பில் யாருமே வரவில்லை என்று வருகைப் பதிவேட்டில் எழுதுவது போன்றது இது. ஜாபிக்ஸ் இதை மறைக்கவில்லை. 0, 1 ஆகிய இரண்டின் சராசரி 0.5 ஆக இல்லாமல் 0 ஆகவே பதிவாகும் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் வினவல், ஹிஸ்டரி கிடைக்கும் நாள்களுக்கு அதிலுள்ள சுழியங்களை எண்ணுகிறது; 90 நாள் கடந்து, பழைய தரவை நீக்கும் ஹவுஸ்கீப்பர் அவற்றை அழித்த பிறகு, ட்ரெண்ட்ஸ் சராசரியை ஒன்றிலிருந்து கழித்து 60ஆல் பெருக்குகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் ஒரு நிமிடம் அறுந்த மணியும் முழு மணியாகக் கணக்காகும். ஜூலையின் 52 நிமிடங்களும் 19 வெவ்வேறு மணிகளில் சிதறிக் கிடந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கடிகாரம் சரியாகவே ஓடுகிறது. ட்ரெண்ட்ஸ் மணிகள் யுடிசி (உலகப் பொது நேரம்) மணிகளின்படி வெட்டப்படுகின்றன. நம் நேரம் ஐந்தரை மணி, அதாவது 19800 விநாடி முன்னால் இருப்பதால் ஒவ்வொரு வரிசையும் நமக்கு அரை மணியில் தொடங்குகிறது. இதனால் ஒரு தொல்லை உண்டு: இரவு 11.30க்குத் தொடங்கும் வரிசை நள்ளிரவைத் தாண்டி 12.30 வரை போகும், அதை இரண்டு நாள்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழியே இல்லை. மாத அறிக்கைக்கு இந்த அரை மணி பெரிதல்ல. நாள்வாரி அறிக்கை கேட்டால் ட்ரெண்ட்ஸை நம்பாதீர்கள்.

இனிமேல் வரும் தரவுக்குத் தீர்வு எளிது. பிங் ஐட்டத்தின் வகையைத் தசம எண்ணாக மாற்றுங்கள். டெம்ப்ளேட்டிலிருந்து (பல கருவிகளுக்குப் பொதுவான அமைப்பு வார்ப்பு) வந்த ஐட்டமாக இருந்தால் ஹோஸ்டில் (தனிக் கருவியில்) மாற்ற முடியாது, டெம்ப்ளேட்டிலேயே மாற்ற வேண்டும். மாற்றம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து புதிய அளவீடுகள் ஹிஸ்டரி, ட்ரெண்ட்ஸ் ஆகிய தசம அட்டவணைகளுக்குப் போகும். பழையவை பழைய அட்டவணையிலேயே தங்கிவிடும் என்பதால் வினவலில் மாற்றிய தேதியை எல்லையாக வைக்க வேண்டும்.

கோத்தகிரி_பிணையம்:

மிகத் தெளிவு ஐயா. வினவலைத் திறந்து பார்த்தேன், நீங்கள் ஊகித்தபடியே இருக்கிறது. ஆனால் எங்கள் தகராறு ஜூலையைப் பற்றியது. அதை மீட்க வழி உண்டா? ஈவென்ட்ஸ் (நிகழ்வுகள்) அட்டவணையிலிருந்து எடுக்கலாம் என்று எங்கோ படித்தேன்.

பழைய_நிர்வாகி:

எடுக்கலாம். ட்ரிக்கர் (சிக்கலைக் கண்டறியும் விதி) எழுப்பும் நிகழ்வுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது ஹவுஸ்கீப்பிங்கில் தனி அமைப்பு. இயல்பாக 365 நாள். சிக்கல் தொடங்கிய நிகழ்வையும் ஈவென்ட்_ரெகவரி அட்டவணை சுட்டும் மீட்சி நிகழ்வையும் இணைத்து, இரண்டின் கிளாக்கையும் கழித்தால் விநாடிக் கணக்கில் நேரம் கிடைக்கும். ஜூன் 30 இரவு தொடங்கி ஜூலை 1 காலை முடிந்த துண்டிப்பை மாத எல்லையில் வெட்டிச் சேருங்கள். இன்னும் முடியாத சிக்கலுக்கு மீட்சி நிகழ்வே இருக்காது என்பதால் லெஃப்ட் ஜாயின் (இணை இல்லாத வரிசையையும் விட்டுவிடாத இணைப்பு முறை) வேண்டும்.

அதைவிடப் பெரிய பொறிகள் இரண்டு. ஹோஸ்ட் பெயருக்காக ஃபங்க்ஷன்ஸ் அட்டவணை வழியாக இணைக்கும்போது, ட்ரிக்கர் வாய்பாட்டில் இரண்டு ஃபங்க்ஷன் இருந்தால் ஒவ்வொரு நிகழ்வும் இரண்டு முறை வந்து துண்டிப்பு நேரம் இரட்டிப்பாகும். அடுத்தது சார்பு ட்ரிக்கர். கீழ்கோத்தகிரி இணைப்பு சோலூர்மட்டம் கம்பம் வழியாகப் போகிறது என்றும், அதன் ட்ரிக்கர் சோலூர்மட்டத்தைச் சார்ந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சோலூர்மட்டம் வீழ்ந்திருக்கும் நேரத்தில் கீழ்கோத்தகிரி ட்ரிக்கரின் நிலை மாறவே மாறாது, நிகழ்வும் பதிவாகாது. எச்சரிக்கை மழையிலிருந்து தப்பிக்க இது நல்ல ஏற்பாடு, ஆனால் எடை மேடையில் நின்ற விவசாயிக்கு இணைப்பு இல்லை என்ற உண்மை கணக்கிலிருந்து போய்விடும்.

பண்ணைக்காடு_ஸ்விட்ச்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கொடைக்கானல் கீழ்மலையில் இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தோம். ஜாபிக்ஸுடன் வரும் ஐசிஎம்பி பிங் டெம்ப்ளேட்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதில் பாக்கெட் இழப்பு (அனுப்பிய பிங் செய்திகளில் பதில் வராதவை) சதவீதத்துக்கு ஒரு ஐட்டம் உண்டு. அது தொடக்கத்திலிருந்தே தசம எண் வகை. ஆகவே அதன் மணிச் சராசரி ட்ரெண்ட்ஸ் அட்டவணையில் வெட்டப்படாமல் இருக்கும். ஜூலைக்குரிய ஒவ்வொரு மணியின் சராசரி இழப்பையும் 100ஆல் வகுத்து, அந்த மணியின் அளவீட்டு எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுங்கள். சார்பு ட்ரிக்கர் தொல்லையும் இதில் இல்லை. ஒரு குறை: மூன்று பாக்கெட்டில் ஒன்று மட்டும் தொலைந்த நிமிடமும் மூன்றில் ஒரு நிமிடமாகச் சேரும்.

வினவலில் கிளாக்கைத் தேதியாக மாற்றிவிட்டு வடிகட்டாதீர்கள். இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) பயன்படாமல் வினவல் மணிக்கணக்கில் ஓடும். ஜூலை 1 நள்ளிரவு இந்திய நேரத்துக்குரிய எண்ணை முதலில் கணக்கிட்டு, அதோடு கிளாக்கை ஒப்பிடுங்கள்.

கோத்தகிரி_பிணையம்:

பாக்கெட் இழப்பு ஐட்டம் எங்களிடம் இருந்தது. யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. அதன்படி கீழ்கோத்தகிரிக்கு ஜூலையில் 58 நிமிடம் வருகிறது. ஆகஸ்ட் தொடக்கத்தில் எடுத்த 52க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பகுதி இழப்பு என்றே எடுத்துக்கொள்கிறேன். டெம்ப்ளேட்டில் பிங் ஐட்டத்தின் வகையையும் மாற்றிவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் மீதி: மரம் விழுந்து மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்து, கோத்தகிரியில் இருக்கும் கண்காணிப்பு சர்வரே அணைந்திருந்த நேரம் எந்தக் கணக்கில் சேரும்?

பழைய_நிர்வாகி:

எதிலும் சேராது, சேர்க்கவும் கூடாது. அந்த நேரத்துக்கு அளவீடே இல்லாததால் வினவல் அதை இணைப்பு நன்றாக இருந்ததாகவே காட்டும். கிடைப்பளவு நூறு சதவீதத்தை நெருங்கி நிற்பதைப் பார்த்து நிர்வாகம் மகிழ்ந்துபோகும். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 31 நாள் மாதத்தில் 44640 அளவீடுகள் வர வேண்டும். ட்ரெண்ட்ஸின் எண்ணிக்கைப் பத்தியைக் கூட்டி அதிலிருந்து கழித்தால் எத்தனை நிமிடம் பார்க்கவே இல்லை என்பது தெரிந்துவிடும். அறிக்கையில் இணைப்பு இருந்தது, இல்லை, அளவீடு இல்லை என்று மூன்று பத்திகள் போடுங்கள். வாடகைப் பிடித்தத்தை நடுப்பத்திக்கு மட்டும் கேளுங்கள்.