பாசமா, பொசமா, மரப்பைம்மாவா?

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்திரேலியாவின் மரவாழ் பைம்மாக்கள் (குட்டியைப் பையில் வளர்க்கும் விலங்குகள்) பற்றிய பாடம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. அவற்றில் ஒன்றான possum என்பதை ஒலிபெயர்த்தால் "பாசம் இரவில் இரை தேடும்" என்று வருகிறது. படிக்கும் பிள்ளை அன்பு என்றே கொள்ளும். 'மரப்பைம்மா' எனலாமா?

-----

> மரப்பைம்மா எனலாமா?

கோவாலாவும் மரக்கங்காருவும் எங்கே போகும்? அமெரிக்க ஒப்போசமும் மரமேறும். அது உயிரியலில் வேறு வரிசை (order), 50 பல், பின்கால் விரல்கள் தனித்தனி. நம் விலங்குக்குப் பின்காலின் 2, 3ஆம் விரல்கள் ஒரே தோலுறைக்குள் ஒட்டியிருக்கும். நுனியில் நகங்கள் மட்டும் பிரிந்து நிற்கும். மயிர் கோதும் சீப்பு அதுதான். 'இணைவிரலி' என்பேன்.

-----

ஐயா, அந்தச் சீப்பு கங்காருவுக்கும் உண்டு. பிரிக்க வந்த சொல் சேர்த்துவிடுகிறது.

பைம்மாவை யாரும் 'பைமா' ஆக்கிவிட வேண்டாம். தனி ஐ முன் மெல்லினம் மிகும் என்பது நன்னூல். யானை 'கைம்மா' ஆனதும் அப்படியே.

குட்டிக்கும் சொல் வேண்டுமே? மூங்கா, வெருகு, எலி, அணில் நான்குக்கும் குட்டி உரியது, பறழ் என்றாலும் பிழையில்லை என்கிறது தொல்காப்பிய மரபியல். பொசத்தில் தூரிகைவால் இனம் (brushtail) கருவில் 17, 18 நாள்தான். பிறகு பைக்குள் நான்கைந்து மாதம். அதன்பின் தாயின் முதுகில். பைக்குள் இருக்கும்வரை பறழ், முதுகேறியதும் குட்டி. இரண்டு நிலைக்கும் இரண்டு சொல் கைவசம் இருக்கையில் ஏன் வீணாக்க வேண்டும்?

-----

பறழ் அழகு, ஆனால் ஏழாம் வகுப்புக்கு அடிக்குறிப்பு வேண்டும்.

ஒப்போசம் வர்ஜீனியப் பழங்குடிச் சொல். 'வெள்ளை விலங்கு' என்று பொருள். 1770இல் இயற்கையியலாளர் ஜோசப் பேங்ஸ் ஆஸ்திரேலியக் கரையில் கண்டதற்கும் அதே பெயரை இட்டார். அந்தக் குழப்பம் நமக்கு எதற்கு? பொசத்தின் உறவான கஸ்கஸ் (cuscus) அப்படியல்ல, இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளின் சொந்தப் பெயர், அப்படியே எடுக்கலாம். 'கசுகசு' என்று தமிழாக்கினால் கசகசா ஆகிவிடும்.

-----

> கஸ்கஸைத் தேவாங்கு என்றே சொன்னால் என்ன?

கூடாது. தேவாங்குக்குப் பையும் இல்லை, வாலும் இல்லை. கஸ்கஸின் வால் நுனி மயிரின்றிச் சொரசொரப்பாக இருக்கும், கிளையைச் சுற்றிப் பிடிக்கும். படத்துக்குக் கீழே 'பற்றுவால்' என்று குறியுங்கள்.

-----

நன்றி. அச்சுக்கு: பொசம், கஸ்கஸ், தொகுதிக்குப் பைம்மா. பறழ் அடிக்குறிப்போடு போகிறது.

-----

பொசத்துக்கு என் உடன்பாடு இல்லை என்று பதிந்துகொள்ளுங்கள். இன்னொன்று: சுகர் கிளைடருக்குப் 'பறக்கும் பொசம்' என்று போட்டிருக்கிறீர்கள். முன்கை ஐந்தாம் விரலிலிருந்து பின்கால் முதல் விரல்வரை விரியும் தோலால் அது சறுக்கி இறங்குகிறது, சிறகடிப்பதில்லை. 'சறுக்குப்பைம்மா' ஆக்க வெள்ளிக்குள் நேரம் இருக்கிறதா?