‘றோயல்ற்றி’க்கு ‘உரித்துப்பணம்’ என்று சொல்லலாமா?

அன்பின் நண்பர்களுக்கு,

வானொலியில் பாட்டுப் போடுவதற்குக் கட்டவேண்டிய ‘றோயல்ற்றி’க்கு (royalty) தமிழ்ச் சொல்லாக இதுவரை நண்பர்கள் முன்வைத்த ‘சன்மானம்’, ‘உரிமைத்தொகை’, ‘அரசிறை’ ஆகியவற்றில் ‘சன்மானத்தை’ என்னால் ஏற்க முடியவில்லை. சன்மானம் கொடுப்பவர் மனம்போலக் கொடுப்பது. குறைந்தாலும் வாயைத் திறக்க முடியாது. எங்கள் இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமோ ஒலிபரப்பும் உரிமையை ஆக்கியவரிடமே கொடுத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து எஃப்.எம். ஒன்றில் உள்ளூர்ப் பாட்டுக்கு முன்னும் பின்னும் புடைவைக்கடை விளம்பரம் போகிறதென்றால், அந்த வருமானத்தில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பங்கு உண்டு. ‘நாங்கள் போடுவதே உங்களுக்கு விளம்பரம்தானே’ என்று தட்டிக்கழிப்பது சரியில்லை.

‘உரிமைத்தொகை’ நல்ல சொல்தான். ஆனால் 2023 முதல் தமிழ்நாட்டில் அது மகளிருக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டமாக எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. ‘அரசிறை’ என்றால் வரி என்றே நினைப்பார்கள்.

நான் முன்வைப்பது ‘உரித்துப்பணம்’. உரித்து (உரிமை), உரித்துக்காரர் எல்லாம் காணி, முதுசம் (பரம்பரைச் சொத்து) பற்றிய பேச்சில் இங்கே சாதாரணமாகப் புழங்குபவை. ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பாட்டின் உரிமை நீடிப்பதால், பிள்ளைகளுக்குப் போகும் பணத்துக்கும் இந்தச் சொல் பொருந்தும்.

அப்புறம், இதை இரண்டாகப் பிரிக்கவேண்டும்: எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ‘ஆக்கியோர் உரித்துப்பணம்’, பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ‘ஆற்றுகையாளர் உரித்துப்பணம்’. அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள் சட்டப்படி முதலாவதை மட்டும் கட்டினால் போதும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒன்றுமில்லை. அதே பாட்டை இணைய வானொலி போட்டால் இரண்டும் கட்டவேண்டும். எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கினால், பாட்டுக்குத் தவில் வாசித்தவர் விடுபட்டுப்போவது யாருக்கும் தெரியவராது.

> சின்ன நிலையங்கள் எப்படிக் கட்டும்?

நியாயமான கேள்வி. பாட்டுக்கு இவ்வளவு, மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று அறவிட்டால் தாங்காதுதான். இந்தியாவில் 2010இல் பதிப்புரிமை வாரியம் தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கு நிகர விளம்பர வருமானத்தில் 2% என்று தீர்த்தது. அப்படியென்றால் வருமானம் குறைந்த நிலையத்துக்குக் கட்டணமும் குறையும். இந்த முறையை ‘வருமானவீத உரித்துப்பணம்’ எனலாம்.

‘ஆற்றுகையாளர்’ நீளமாக இருக்கிறது என்பவர்கள் வேறு சொல் தாருங்கள், மாற்றலாம். அந்தப் பிரிப்பை மட்டும் கைவிடவேண்டாம்.