‘நார்மல்’ குணம் என்று ஒன்று உண்டா?

குலசேகரம்_மழை:
பெண் பார்க்கப் போன இடத்தில் என் தம்பியைப் பற்றி ஒரு பேச்சு வந்தது: “பையன் நார்மலா இல்லையே, வாயே திறக்கல.” அவன் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தனியாக மரம் மரமாகப் போவான். அங்கே யாரோடு பேசுவது, பால் பிடிக்கிற சிரட்டையோடா? நார்மல் குணம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

குளச்சல்_வள்ளம்:
அப்படி அடித்துச் சொல்லாதே மக்கா. கரையில் நின்று இழுக்கிற பெரிய வலையான கரைமடியை இழுக்கும்போது இரண்டு பக்கமும் ஆட்கள் ஒரே வேகத்தில் இழுக்கணும். ஒருத்தன் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றால் மடி கோணும். நாலு பேரோடு ஒத்துப்போவதைத்தான் நார்மல் என்கிறோம். உயரத்துக்குச் சராசரி உண்டு, குணத்துக்கு இல்லையா?

குலசேகரம்_மழை:
சராசரி கணக்கில் உண்டு அண்ணே, ஆளைக் காட்டுங்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையில் கில்பர்ட் டேனியல்ஸ் என்பவர் 4,063 விமானிகளின் பத்து உடல் அளவுகளை ஒப்பிட்டார். பத்து அளவிலும் நடுத்தரமாக இருந்தவர் ஒருவர்கூட இல்லை. உடம்புக்கே இந்தக் கதி. உளவியலில் புதுமை நாட்டம், பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம் என்று ஐந்தாகக் குணத்தை அளக்கிறார்கள். ஐந்திலும் நட்டநடுவே நிற்பவனை எந்தச் சந்தையில் தேட? இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், குண வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி பரம்பரையில் வருவது என்று தெரிகிறது. எங்கள் அப்பாவும் ஊமைக்கோட்டான்தான்.

வடசேரி_அக்கா:
தம்பி, கணக்கெல்லாம் சரி. என் வீட்டுக்காரரின் அண்ணன் கோபம் வந்தால் தட்டை வீசுவார். “அவனுக்குப் பித்த உடம்பு, அப்படித்தான்” என்று மாமியார் சொல்லியே பத்து வருஷம் ஓடியது. மீன்குழம்பு வடிந்த கறை வெள்ளையடித்த பிறகும் சுவரில் தெரிகிறது. ‘ஆளுக்கொரு குணம்’ என்பது யாருக்கு வசதி என்று பாருங்கள்.

குளச்சல்_வள்ளம்:
அதைத்தான் சொன்னேன். ஒரு கோடு வேணும்.

குலசேகரம்_மழை:
அக்கா சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், நான் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன். அடுத்தவருக்கு அடி விழும் இடத்தில் கோடு போடுங்கள். ஊர் வழக்கத்தை வைத்துப் போட்டால் ஆபத்து. தன்பாலீர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1973 வரை நோய்ப் பட்டியலில் வைத்திருந்து, அப்புறம் எடுத்தது. அதுவரை எத்தனை பேர் நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்திருப்பார்கள்!

வடசேரி_அக்கா:
சரி, அந்தப் பெண் என்ன சொன்னாள்?

குலசேகரம்_மழை:
அவளிடம் யாரும் கேட்கவில்லை. வாயே திறக்கல என்றது அவளுடைய மாமா.

குளச்சல்_வள்ளம்:
மாமா எவ்வளவு நேரம் பேசினார்?

குலசேகரம்_மழை:
கட்டஞ்சாயா ஆறி, மறுபடி சூடாக்கி, அதுவும் ஆறும்வரை.