ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிடலாமா? தாதிமார் யாராவது சொல்லுங்கள்

மூதூர்க்காரி:
திருகோணமலை மாவட்டத்தில் ஒரு அரச ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்ட்டில் இருக்கிறேன், எது என்று கேட்காதீர்கள். நோயாளி பார்ப்பதில் சத்தியமாக எனக்குச் சலிப்பு இல்லை, மற்றதெல்லாம்தான். போன கிழமை டெங்கு காய்ச்சலோடு ஒரு பொடியன், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கிவிட்டது, மணிக்கொரு தடவை பல்ஸ், பிரஷர், சிறுநீர் அளவு எல்லாம் சாட்டில் (கண்காணிப்பு அட்டையில்) ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்து சிற்றூழியர் இல்லை என்று என்னையே மருந்துக் களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தால் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது, ரவுண்டில் டொக்டர் நோயாளிகள் முன்னாலேயே ஏசுகிறார், அனுப்பின வார்ட் பொறுப்புச் சிஸ்டர் பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. பின்னேர டியூட்டி 7 மணிக்கு முடிகிறது, இரவுக்கு வருகிறவர் கொஞ்சம் பிந்தினாலும் பஸ் போய்விடும், அண்ணாதான் மோட்டார் சைக்கிளில் வர வேண்டும். (கிண்ணியாப் பாலம் 2009இல் வந்தது, அதற்கு முன்னம் மிதவைப் பாதையில் (ஃபெரியில்) ஏறிப் போய் வந்தவர்களை நினைத்தால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.) ராஜினாமாக் கடிதம் எழுதியாயிற்று. கொடுக்கவா?

உவர்மலை அக்கா:
கொடுக்காதே தங்கச்சி, முதலில் அந்தக் கடிதத்தைக் கிழி. ராஜினாமா என்றால் ஓய்வூதியமும் போய்விடும். போகத்தான் வேண்டும் என்றால் சம்பளமில்லா லீவில் போ. 2022 ஜூனில் வந்த சுற்றுநிருபம் 5 வருடம் வரை இடம் கொடுத்தது, பதவி மூப்பும் ஓய்வூதியமும் கெடாமல். இப்போதைய நிலையை நிர்வாகக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்கு, வாயால் சொன்னதை நம்பாதே. களஞ்சியத்துக்கு அனுப்பினால் எத்தனை மணிக்குப் போனாய், யார் சொன்னார், நோயாளியை யாரிடம் விட்டாய் என்று வார்ட் புத்தகத்தில் ஒரு வரி போட்டுவிட்டுப் போ. சிஸ்டருக்குப் பிடிக்காதுதான். ஆனால் நாளைக்கு விசாரணை என்று வந்தால் அந்த ஒரு வரிதான் உன் பக்கம் பேசும்.

நிலாவெளி:
நான் தாதி இல்லை. அப்பாவை வைத்துக்கொண்டு வார்ட்டில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன், சேலைன் முடிந்துவிட்டது என்று சொல்லப் போனாலே தாதி மிஸ்மார் எரிந்து விழுகிறார்கள். சிலருக்குத் தமிழ் வராது, அப்பாவுக்குச் சிங்களம் வராது, என்ன நோ என்று சொல்லவே அந்த மனுசன் பட்ட பாடு. உங்கள் கஷ்டம் சரி, அதை நோயாளியிடம் காட்டலாமா?

உவர்மலை அக்கா:
காட்டக்கூடாது தம்பி. ஆனால் இரவு 7 முதல் காலை 7 வரை ஒரு வார்ட்டை இரண்டு பேர் பார்க்கும்போது அந்த மிஸ் எத்தனையாவது சேலைனுக்கு எழும்பினார் என்று உங்களுக்குத் தெரியாது. மொழி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. தெற்கிலிருந்து முதல் நியமனத்தில் வருகிறவர்கள் இடமாற்றம் எப்போது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தமிழ் படிக்க எங்கே மனம் வரும்? அவர்கள் போனால் அந்த வெற்றிடமும் எங்கள் தலையில்தான்.

முன்னாள் மிஸ்:
இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே தாதியாகப் பதிய ஓஇடி என்ற ஆங்கிலப் பரீட்சையில் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ் வேண்டும், அதற்குப் பிறகு சிபிடி என்ற கணினிப் பரீட்சை, இங்கே வந்து ஆஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. படிக்கிற ஆளுக்குக் கஷ்டமில்லை. ஏஜென்சிக்காரன் லட்சக்கணக்கில் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். இங்கேயும் 12 மணித்தியால ஷிப்ட்தான், நாரி நோவும் அதேதான். ஆனால் நோயாளி முன்னால் ஒரு டொக்டர் ஏசினால் முறைப்பாடு எழுதலாம், எழுதினவளைப் பிறகு யாரும் பழிவாங்கி ரோஸ்டர் போட மாட்டார்கள். என் வார்ட்டில் அப்படித்தான், மற்ற இடங்களுக்கு நான் பொறுப்பில்லை.

மூதூர்க்காரி:
நன்றி அக்கா. கடிதத்தை இப்போதைக்குக் கொடுக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. வெளிநாடு அம்மாவை விட்டுவிட்டு முடியாது. சம்பளம் கூடியது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், 2025 பட்ஜெட்டில் ஓ.டி. (மேலதிக நேரக் கொடுப்பனவு) கணக்கில் கை வைத்ததற்காக மார்ச்சில் நாங்கள் ஏன் ரோட்டில் இறங்கினோம் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. பொதுச் சுகாதாரத் தாதியாகப் போனால் இரவு டியூட்டி இல்லைதானே? அதற்கு விண்ணப்பித்த யாராவது இருந்தால் எழுதுங்கள்.