திகதி இல்லாதவங்க பேரு லிஸ்ட்ல மேல வந்து நிக்குது, உங்களுக்கும் இப்படி நடந்துச்சா?

நான் மஸ்கெலியா பக்கம் தோட்டத்துல இருக்கேன். பிரஷர், சுகர்னு கிளினிக் போற வயசானவங்களுக்காக நானும் கூட்டாளியும் சின்னதா ஒரு ஆப் செஞ்சோம், கிளினிக் கொப்பிய பாத்து அடுத்த திகதிய பதிஞ்சா யாருக்கு முதல்ல வருதோ அவங்க பேரு மேல நிக்கணும், அவ்வளவுதான். ஆனா நிறைய கொப்பி மழைல நனைஞ்சு மை கலைஞ்சு கிடக்கு, அதையெல்லாம் வெறுமையா விட்டுட்டோம். லிஸ்ட்ட திறந்தா மொத ரெண்டு ஸ்க்ரீனும் திகதி இல்லாதவங்கதான். மறுநாள் போகவேண்டிய ஒரு அப்பாயி பேரு கீழ கிடந்தத யாருமே பாக்கல, ஒரு வாரம் மாத்திரை இல்லாம இருந்துருக்காங்க. அது இன்னும் மனச உறுத்துது.

போன்ல தகவல வச்சிருக்கிற எஸ்கியூலைட்ங்கிற டேட்டாபேஸ்ல நல்-ங்கிறது, அதாவது ஒண்ணும் பதியாத வெறுமை, எல்லாத்தையும் விட சின்னதுனு கணக்கு, அதனால ஏறுவரிசைல மொதல்ல வரும். சேர்வர்ல இருக்கிற போஸ்கிரெஸ் டேட்டாபேஸ்ல அப்படியே தலைகீழ், அங்க நல்தான் பெருசு, சேர்வர்ல சரியா தெரிஞ்ச லிஸ்ட் போன்ல மாறுனது இதனாலதான். வெறுமையெல்லாம் கடைசில வரட்டும்னு 'நல்ஸ் லாஸ்ட்' போட்டேன், என் போன்ல சரியாச்சு, ஆனா கணக்கப்பிள்ளை அண்ணனோட பழைய போன்ல லிஸ்ட்ட தொட்டதும் ஆப் மூடிக்குது. அந்த வசதி 2019ல வந்த எஸ்கியூலைட் 3.30 பதிப்புலருந்துதான் இருக்காம், ஆண்ட்ராய்ட் 11லயே பொதுவா அதுக்கு முந்தின எஸ்கியூலைட்தான். கடைசில 'ஆர்டர் பை திகதி இஸ் நல், திகதி'னு எழுதினேன், மொதல்ல திகதி வெறுமையானு பாத்து, அப்புறம் திகதிப்படி அடுக்கச் சொல்றது. திகதி இருந்தா 0, இல்லன்னா 1, அதனால இல்லாதவங்க தானா கீழ போயிருவாங்க, எந்தப் பழைய போன்லயும் ஓடும்.

பண்டாரவளைலருந்து:
எங்களுக்கு இதவிட மோசம் தம்பி. மரணாதாரச் சங்க உறுப்பினர் லிஸ்ட்ட பிறந்த திகதிப்படி அடுக்குனா கொஞ்சப் பேரு காணாமலே போயிட்டாங்க. நாங்க வச்சிருந்தது ஃபயர்ஸ்டோர்ங்கிற கூகுளோட ஒன்லைன் டேட்டாபேஸ், அதுல எந்த ஃபீல்ட (தகவல் கட்டத்த) வச்சு அடுக்குறோமோ அந்த ஃபீல்டே இல்லாத பதிவு லிஸ்ட்டுக்கு வரவே வராது. நல்னு எழுதி வச்சா வரும், ஆனா மேல வந்து நிக்கும், அதனால போன்லயே அடுக்கிக்கிட்டோம். பாதிப் பேருக்கு திகதிய பழைய அடையாள அட்டை நம்பர்லருந்தே எடுத்தோம், மொத ரெண்டு இலக்கம் வருசம், அடுத்த மூணு வருசத்துல எத்தனாவது நாள்னு, பொம்பளைங்கன்னா 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்பவும் 29 நாள்னுதான் கணக்கு, அத மறந்தா மார்ச்லருந்து ஒரு நாள் பிசகும்.

தலவாக்கலைலருந்து:
ஃபோர்ம்ல ஒண்ணும் அடிக்காம சேவ் பண்ணா நல் போகுதா, இல்ல வெறும் எழுத்து, அதாவது ஒரு எழுத்துகூட இல்லாத காலி வரி, போகுதானு பாத்தீங்களா? வெறும் எழுத்து நல் இல்ல, 'இஸ் நல்'ல மாட்டாது, மறுபடி மேலதான் வரும்.

மஸ்கெலியாவே:
அண்ணே, நீங்க சொன்னப்புறம் பாத்தேன், பதினோரு பேரு அப்படித்தான் கிடந்தாங்க. வெறும் எழுத்த நல்லா மாத்துற 'நல்இஃப்' போட்டு மாத்திட்டேன். கீழ போனவங்கள மறந்துறக் கூடாதுனு 'கொப்பி பாக்கணும்'னு தனித் தலைப்பும் வச்சாச்சு. ஞாயித்துக்கிழம லயம் லயமா போறோம், மொத அந்த அப்பாயி வீட்டுக்கு.