வாட்ஸ்அப் குழு: பாட்டி வீடு, சுங்கை சிப்புட் 🌴

தேவி சித்தி: சனிக்கிழமை ஈப்போவுக்கு யார் யார் வருகிறீர்கள்? ராஜு வேனில் 6 பேருக்குத்தான் இடம். முகிலனுக்குக் கம்ப்யூட்டர் சாமான் வாங்க வேண்டும். சீட்டுப் பணம் 4,000 வெள்ளி இருக்கிறது. அதற்கு மேல் ஒரு காசு கிடையாது.

சரோஜா பெரியம்மா: நான் வருகிறேன். முன் சீட்.

ராஜு மாமா: சபாவுக்குப் படிக்கப் போகிறவனுக்கு எதற்குக் கம்ப்யூட்டர்? லேப்டாப் வாங்கினால் முடிந்தது.

முகிலன்: மாமா, லேப்டாப்பிலும் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 என்றுதான் எழுதியிருக்கும். மேசைக் கம்ப்யூட்டரில் அந்தக் கார்டு 145 வாட் எடுக்கும். லேப்டாப்பில் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள், அதனால் வேகம் குறைவு. கெட்டுப்போனால் நானே கழற்றி மாற்றவும் முடியாது. நான் கேட்பது சின்னப் பெட்டி. எல்லாவற்றையும் செருகும் மதர்போர்டு மினி ஐடிஎக்ஸ் வகை, 17க்கு 17 சென்டிமீட்டர்தான். பவர் சப்ளையும் எஸ்எஃப்எக்ஸ் என்று சின்ன வகை. எல்லாம் 10 லிட்டர் பெட்டிக்குள் அடங்கிவிடும். ஏர் ஏசியாவில் கைப்பை அளவு 56, 36, 23 சென்டிமீட்டர். பையில் போட்டுக் கையோடு ஏறிவிடலாம்.

ராஜு மாமா: 10 லிட்டரா. அரிசியா அளக்கிறாய்

கவிதா சித்தி: பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? ஞாயிறு கோயில் அன்னதானத்துக்கு வேண்டும்.

சரோஜா பெரியம்மா: எல்லாவற்றுக்கும் என்னையே கேளுங்கள்.

கவிதா சித்தி: பொதுவாகத்தான் கேட்டேன் அக்கா.

ராஜு மாமா: தர்ஷினி நிச்சயதார்த்தத்துக்குப் போனது. திரும்பி வந்ததாக ஞாபகம் இல்லை 😁

சரோஜா பெரியம்மா: 2011இல் ஒரு கம்ப்யூட்டருக்காக என் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அது திரும்பி வந்ததாக எனக்கும் ஞாபகம் இல்லை.

ராஜு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜு மாமா: அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் இருக்கிறது.

தர்ஷினி: இருக்கிறது மாமா. மீன்தொட்டிக்கு அடியில்.

தேவி சித்தி: முகிலா, சின்னது என்றால் விலை குறைவுதானே?

முகிலன்: இல்லைம்மா

தேவி சித்தி: ?

முகிலன்: ஐடிஎக்ஸ் போர்டு மட்டும் 300 வெள்ளி கூட. பவர் சப்ளை, பெட்டி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கூடும். மொத்தம் 700 கூட வரும்மா. போர்டில் ரேம் என்ற மெமரிக்கு 2 இடம்தான், கார்டு செருக ஒரே இடம். ஆனால் எனக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

ராஜு மாமா: பாதி அளவுக்குக் கூடுதல் காசு. நல்ல வியாபாரம் லா.

தர்ஷினி: பிராசஸர் மேல் வைக்கிற கூலரின் உயரம் பார்த்தாயா?

முகிலன்: பார்த்தேன் அக்கா

தர்ஷினி: எவ்வளவு?

முகிலன்: பெட்டிக்குள் 48 மில்லிமீட்டர்வரை போகும். ரைசன் 5 7600 பிராசஸரோடு வரும் கூலர் 54.

தர்ஷினி: அப்போது தனிக் கூலர். அதற்கும் காசு.

கவிதா சித்தி: 6 மில்லிமீட்டர் என்றால் தையல் விளிம்பு கூட இல்லையே. தட்டி உள்ளே தள்ள முடியாதா?

முகிலன்: சித்தி 😭

தர்ஷினி: அப்புறம் சூடு. இங்கே தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் நாமே வேகிறோம். சின்னப் பெட்டியில் சின்ன விசிறி, வேகமாகச் சுற்றினால்தான் காற்று போகும், சத்தம் போடும். ஹாஸ்டலில் உன் ரூமில் இருப்பவன் தூங்க வேண்டாமா? கொஞ்சம் பெரிய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டும் பெட்டியும் வாங்கு. 4,000க்குள் முடியும்.

முகிலன்: வோல்ட்டேஜைக் குறைத்து வைத்தால் சூடு இறங்கும் அக்கா. வேகம் லேசாகத்தான் போகும். பெரிய பெட்டியை லீவுக்கு வரும்போது எங்கே வைப்பேன்?

தர்ஷினி: வருடத்துக்கு எத்தனை தடவை வருவாய்?

முகிலன்: 2

தர்ஷினி: அந்த 2 தடவைக்கு 700 வெள்ளி.

தேவி சித்தி: டிவி மாதிரித் திரையும் வேண்டுமே. அதையும் மடியில் வைத்துக்கொண்டா பறப்பாய்?

முகிலன்: அது அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்கிக்கொள்வேன்.

தேவி சித்தி: எந்தக் காசில்?

கவிதா சித்தி: அம்மா கேட்கிறார், கைப்பையில் எத்தனை கிலோ விடுவார்கள்?

முகிலன்: 2 பையும் சேர்த்து 7 கிலோ. கம்ப்யூட்டர் 6 வரும்.

கவிதா சித்தி: 🎤 0:48

முகிலன்: பாட்டி என்ன சொல்கிறார்? பஸ்ஸில் இருக்கிறேன், கேட்கவில்லை

கவிதா சித்தி: மாங்காய் ஊறுகாய் 2 கிலோ போட்டு வைத்திருக்கிறாராம். அதைக் கையில்தான் கொண்டுபோக வேண்டுமாம்.

முகிலன்: லக்கேஜில் போட்டுவிடலாம் பாட்டி

கவிதா சித்தி: புட்டி உடைந்தால் சட்டையெல்லாம் எண்ணெய், கம்ப்யூட்டரை லக்கேஜில் போடு என்கிறார்.

ராஜு மாமா: 😂😂😂

தேவி சித்தி: சரி, கடையில் போய் இரண்டையும் பார்ப்போம். முகிலா, அந்த 48ஐ ஒரு தாளில் எழுதி வை. காலை 8 மணிக்குக் கிளம்ப வேண்டும்.

முகிலன்: 700?

ராஜு மாமா: 200 நான் தருகிறேன். மீதியை உன் அம்மாவிடம் கேள்.

சரோஜா பெரியம்மா: சங்கிலிக்கு முதலில் தரட்டும்.

கவிதா சித்தி: அண்டா?