ஐந்து வருஷம் பிரெஞ்சு, 95 மார்க், வாயில் ஒரு வாக்கியம் இல்லை

கோவை அப்பா:
என் மூத்த பையன் சிபிஎஸ்இ பள்ளியில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை பிரெஞ்சு எடுத்தான். போர்டில் 95. போன வாரம் மனைவியின் ஊரான புதுச்சேரிக்குப் போயிருந்தோம். அவளுடைய சித்தப்பா ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பையனைப் பார்த்த குஷியில் "கெஸ் க த்யு ஆ மான்ஜே?" என்று கேட்டார். என்ன சாப்பிட்டாய், அவ்வளவுதான். இவன் என் முகத்தைப் பார்க்கிறான். காலையில் தின்ற இட்லியைச் சொல்ல ஐந்து வருஷப் படிப்பு போதவில்லை. அதே வினைச்சொல்லைத் தாளில் ஆறு வடிவத்திலும் தப்பில்லாமல் எழுதுவான்! ஜூனில் சின்னவன் ஆறாவது போகிறான். படிவத்தில் ஹிந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு என்று மூன்று கட்டம். இந்த அந்நிய மொழிப் பாடம் வெறும் மார்க் வியாபாரம்தானே?

கரும்பலகை:
ஒப்புக்கொள்ள மாட்டேன் சார். பதினாலு வருஷமாக பிரெஞ்சு நடத்துகிறேன். ஆறாவதில் பிள்ளைகள் பறப்பார்கள். 70 என்றால் 'அறுபது பத்து', 80 என்றால் 'நாலு இருபது' என்றதும் வகுப்பே சிரிக்கும். த்யு, வூ வித்தியாசத்தை நடத்தவே வேண்டாம், நீ, நீங்கள் என்று பேசி வளர்ந்தவர்கள் ஆயிற்றே. வந்தேன், வந்தாய், வந்தான் என்று விகுதி மாற்றிப் பழகியதால் வினைச்சொல் மாறுவதும் புதிதில்லை. ஏழாவதில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று வந்ததும் முதல் முட்டல். நமக்கு அதெல்லாம் அஃறிணை. எட்டாவதில் இறந்தகாலம். சில வினைக்கு 'அவ்வார்' என்ற துணைவினை சேர வேண்டும், சிலதுக்கு 'எத்ர்'. அங்கேதான் பாதி வகுப்பு கழன்றுகொள்ளும். உங்கள் பையன் திணறிய கேள்வி அந்தப் பாடம்தான். சாப்பிடு என்ற சொல்லின் நிகழ்கால வடிவங்கள் ஆறில் நாலு காதுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், எழுத்தில்தான் வேறு. அவன் கண்ணால் படித்திருக்கிறான், காதால் கேட்டதில்லை.

கோவை அப்பா:
அதைத்தானே டீச்சர் நானும் சொல்கிறேன்? வாரம் 3 பீரியட், 40 நிமிஷம். 2 மணி நேரம். வருஷத்துக்கு 35 வாரம் என்றால் 70 மணி. ஐந்து வருஷத்துக்கு 350. மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளக்கிறார்களே, அதில் மூன்றாவது படியான பி1 நிலைக்குத் தனியார் மொழி வகுப்புகளில் ஏறக்குறைய இதே கணக்குதான் சொல்கிறார்கள். பி1 என்றால் அந்த ஊரில் போய் இறங்கினால் பேசிச் சமாளிக்கலாம். அந்த 350 மணி எங்கே போயிற்று?

கரும்பலகை:
40 பிள்ளைகள், 40 நிமிஷம். ஆளுக்கு ஒரு நிமிஷம் வாய் திறக்கலாம், அதுவும் நான் பேசாமல் இருந்தால். மே லீவு முடிந்து வந்தால் பாதி மறந்திருக்கும். அப்புறம், படிகள் எல்லாம் ஒரே உயரம் இல்லை. ஏ1 நிலையை 100 மணிக்குள் தொட்டுவிடலாம், ஏ2-விலிருந்து பி1 ஏற அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். பிரான்சிலேயே நம் ஏழாம் வகுப்பு வயதில் இரண்டாவது அந்நிய மொழியைத் தொடங்கும் பிள்ளைக்கு, ஆறு வருஷம் கழித்துப் பள்ளி இறுதியில் வைத்திருக்கும் இலக்கு பி1தான்.

பழைய ப்ளஸ்டூ:
இதெல்லாம் சிபிஎஸ்இ கதை. மெட்ரிக்கில் படித்த எங்கள் கதை வேறு. ப்ளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுத்தோம், அரிச்சுவடியிலிருந்து. 1200 மார்க் காலம். பேசுவது என்ற பேச்சே கிடையாது. பிரெஞ்சு வரிக்கு அடியில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைத்து மனப்பாடம். என்ஜினீயரிங் கட்-ஆஃபில் மொழி மார்க் சேராது, அதனால் தமிழுக்குப் போகிற நேரத்தை ஃபிசிக்ஸுக்குத் திருப்பிவிடுவதுதான் திட்டம். திட்டம் பலித்தது. இன்று எனக்கு பிரெஞ்சும் தெரியாது, மகள் குறளுக்குப் பொருள் கேட்டால் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்துவிடுகிறேன்.

வடலூரான்:
2006-ல் தமிழ் கட்டாயம் என்று சட்டம் வந்ததே இதற்காகத்தான். ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாவதைத் தொட்டது. அதோடு நின்றது. ப்ளஸ் ஒன்னில் பழைய கதவு திறந்தே கிடக்கிறது. பிரெஞ்சு படிக்கட்டும், நான் தடுக்கவில்லை. தமிழ் உட்கார்ந்த நாற்காலியில் ஏன் உட்காரவைக்கிறீர்கள்?

மியூனிக் வாசி:
பள்ளியில் எந்த அந்நிய மொழியும் வேண்டாம் என்பேன். நான் ஜெர்மன் தொடங்கியது 26 வயதில், வேலை ஆர்டர் கைக்கு வந்தபிறகு. பத்து மாதத்தில் பி1. மனைவி நர்ஸ், பி2 கேட்டார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படித்தே வாங்கினாள். கேந்திரிய வித்யாலயாக்களில் ஜெர்மனை மூன்றாம் மொழியாக வைத்துவிட்டு, 2014 நவம்பரில், பாதி வருஷத்தில், அதை எடுத்து சமஸ்கிருதம் என்றார்கள். இப்படி ஆட்டம் காண்கிற பாடத்தில் பிள்ளையின் ஐந்து வருஷத்தைப் போடுவானேன்?

கரும்பலகை:
தம்பி, உங்களுக்குப் பசி இருந்தது, ஏறிவிட்டீர்கள். 12 வயதில் அந்தப் பசி இல்லை, காது இருக்கிறது. என் ஆறாவது பிள்ளைகள் ஒரு வாரத்தில் தொண்டையில் உருட்டுகிற 'ர'வை, மாலை வகுப்புக்கு வரும் பெரியவர்கள் ஒரு மாதம் கொப்பளித்தும் வரவழைக்க முடியவில்லை. கோளாறு வினாத்தாளில்தான். 80 மார்க் எழுத்து, உள்மதிப்பீட்டு 20-க்குள் பேச்சு ஒரு ஓரத்தில். பிரெஞ்சு அரசு வைக்கும் டெல்ஃப் மொழித் தேர்வைப் பாருங்கள்: கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது, ஒவ்வொன்றுக்கும் 25. ஒன்றில் 5-க்குக் கீழே போனால் மொத்தம் 70 வாங்கினாலும் ஃபெயில். எனக்கு அப்படி ஒரு வினாத்தாள் கொடுங்கள், நாளைக்கே வகுப்பு மாறும்.

கோவை அப்பா:
ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நேற்று சித்தப்பாவுக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் கடிதம் வந்திருக்கிறது. பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் ஆபீஸ் கடிதம் என்றால் மிரளுவார். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து பையனுக்கு அனுப்பினார். இவன் அகராதியை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில், உயிரோடு இருப்பதற்கான சான்றிதழை எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டான். பதில் கடிதமும் அவனே எழுதினான். சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரி, வியாபாரம் என்றதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சின்னவன் படிவம் இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது.

பழைய ப்ளஸ்டூ:
மேசை பெண்பால். மறந்துவிடாதீர்கள்.